வளைகிற பிள்ளைக்கு மேடை, வளையாத பிள்ளைக்கு?

ஜனவரி முதல் வாரம் வந்தால் புதுச்சேரியில் சர்வதேச யோகா திருவிழா. 4-ம் தேதி தொடங்கி 7-ம் தேதி வரை அரசின் சுற்றுலாத் துறை பல ஆண்டுகளாக இதை நடத்திவருகிறது. ஜூன் 21 வந்தால் சர்வதேச யோகா தினம். இரண்டு சமயங்களிலும் மறுநாள் நாளிதழ்களில் வில்லாக வளைந்து நிற்கும் ஒரு சிறுமியின் படம் வரும். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கும். அந்தச் சிறுமி படிக்கிற வகுப்பிலேயே, குனிந்தால் கை முழங்காலுக்குக் கீழே இறங்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தப் படமும் சொல்லாது. அரியாங்குப்பத்திலோ வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு எட்டாம் வகுப்பை வரிசையாக நிற்கவைத்து, முழங்காலை மடக்காமல் கால் விரலைத் தொடச் சொன்னால் தெரிந்துவிடும். போட்டிக்கு ஆள் எடுக்கும்போது நன்றாக வளைகிற நான்கைந்து பேர் தனியே பிரிக்கப்படுகிறார்கள். மற்றவர்கள் கைதட்டப் போகிறார்கள். பயிற்சி யாருக்குத் தேவையோ அவர்கள் பார்வையாளர்கள். யாருக்கு அவ்வளவாகத் தேவையில்லையோ அவர்களுக்குப் பயிற்சியாளர், சீருடை, கோப்பை எல்லாம். உடல் நெகிழ்வை ஒரு திறமையாகப் பார்ப்பதால் வருகிற கோளாறு இது. அது பல் துலக்குவதைப் போன்ற ஒரு பராமரிப்பு. நன்றாகப் பல் துலக்குகிறவனுக்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை. துலக்காதவனைத்தான் பிடித்து உட்காரவைக்கிறோம்.

நெகிழ்வை அளக்க ஒரு வழி இருக்கிறது. அரசே அதைப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தும் விட்டது. ‘கேலோ இந்தியா’ உடல்தகுதி மதிப்பீட்டில் 9 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், தண்டால் போன்றவற்றோடு ‘சிட் அண்ட் ரீச்’ என்ற சோதனையும் உண்டு. 1952-ல் வெல்ஸ், டில்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்தியது. ஒரு மரப்பெட்டி போதும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டி, உள்ளங்கால்களைப் பெட்டியின் பலகையில் பதித்து உட்கார வேண்டும். முழங்கால் தரையை விட்டு எழக் கூடாது. ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்து, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அளவுகோலில் விரல் நுனியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், எட்டிய இடத்தில் இரண்டு விநாடி நிறுத்த வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் என்று ஆசிரியர் குறித்துக்கொள்வார். தொடையின் பின்பக்கத் தசையும் கீழ்முதுகும் எவ்வளவு இளகியிருக்கின்றன என்று அந்த எண் ஓரளவுக்குக் காட்டும். எண் அந்த மதிப்பீட்டுக்கான செயலியில் ஏறிவிடும். அதற்குப் பிறகு என்ன? குறைவாக எட்டிய பிள்ளைக்கு அடுத்த வாரம் என்ன பயிற்சி, யார் தருவது, எந்தப் பாடவேளையில்? காய்ச்சலை அளந்து எழுதிவைத்துவிட்டு மாத்திரை தராமல் அனுப்புகிற மருத்துவமனையை நாம் பொறுத்துக்கொள்ள மாட்டோம்.

இந்த இடத்தில்தான் பிலாட்டீஸ் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது சென்னை, மும்பை நடிகைகள் இன்ஸ்டாகிராமில் போடுகிற படங்கள், ஸ்பிரிங் மாட்டிய, சறுக்குகிற கட்டில் போன்ற எந்திரங்கள், மாதக் கட்டணம். அதன் பிறப்புக் கதை வேறு. ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியின் மோன்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். ஆஸ்துமாவும் ரிக்கெட்ஸும் வாட்டிய நோஞ்சான் பிள்ளை. உடம்பைத் தேற்றுவதற்காகவே ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று எல்லாவற்றையும் கற்றார். முதல் உலகப்போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரிநாட்டவர் என்று மேன் தீவு முகாமில் அடைக்கப்பட்டார். இடமும் கருவியும் இல்லாத அந்த முகாமில் சக கைதிகளுக்குத் தரைப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 1926-ல் நியூயார்க் போய்ப் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கான்ட்ராலஜி’. 1945-ல் வெளியிட்ட நூலில் 34 தரைப்பயிற்சிகளைப் படத்தோடு விளக்கினார். 1967-ல் மறைந்தார். 2000-ம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, பிலாட்டீஸ் என்பது யோகா, கராத்தே போலப் பொதுப்பெயர், எவரும் வணிகச் சின்னமாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆக, நோயாளிப் பிள்ளை ஒருவனின் உடம்பில் தொடங்கி, கைதிகளின் கொட்டடித் தரையில் வளர்ந்து, நீதிமன்றமே எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்ட முறை இது. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற முத்திரை பின்னால் ஒட்டியது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதனால் பலன் உண்டா? இருக்கிற சான்றைப் பெருக்கியும் சொல்லக் கூடாது, சுருக்கியும் சொல்லக் கூடாது. ஸ்பெயின் நாட்டு முர்சியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடற்கல்வி வகுப்பு நேரத்திலேயே ஆறு வாரம், வாரத்துக்கு இருமுறை பிலாட்டீஸ் தரைப்பயிற்சி தந்தார்கள். அந்தக் குழுவின் தொடைப் பின்பக்கத் தசை நெகிழ்வு கூடியது. தனிக்கூடமோ கூடுதல் நேரமோ கேட்காமல், பள்ளி மணிக்குள்ளேயே நடந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 2006-ல் அமெரிக்காவில் 11 வயதை ஒட்டிய 30 சிறுமிகளிடம் நான்கு வாரம் நடந்த இன்னோர் ஆய்வு, பிள்ளைகள் இதை விரும்பிச் செய்தார்கள் என்று பதிவுசெய்தது. பிரேசிலில் சிறார் மூட்டுவாதம் உள்ள 50 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான பயிற்சி செய்தவர்களைவிடப் பிலாட்டீஸ் செய்தவர்களுக்கு வலி குறைந்தது. எல்லாம் சிறிய ஆய்வுகள். சில வாரங்களோ மாதங்களோதான். சிறார்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2020-ல் வெளியான கட்டுரையும், நம்பிக்கை தருகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது என்கிற தொனியில்தான் முடிகிறது. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரியவர்களின் முதுகுவலிக்குப் பிலாட்டீஸ் உதவுமா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2015-ல் ஆராய்ந்தது. எதுவுமே செய்யாமல் இருப்பதைவிட நல்லது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட உசத்தி என்று நிறுவ ஆதாரம் இல்லை என்றது.

பிலாட்டீஸை விற்கிறவர்களுக்கு இந்தக் கடைசி வரி கசக்கும். அரியாங்குப்பம் பள்ளிக்கு இது நல்ல செய்தி. பலன் ஒரு முத்திரைப் பெயரில் இல்லை, வாரம் தவறாமல் நேரம் ஒதுக்கிச் செய்வதில் இருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். இதற்கு உள்ளூர்ச் சான்றும் உண்டு. 2003-ல் இங்குள்ள ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் உடலியங்கியல் துறையினர் 12 முதல் 15 வயது வரையிலான 20 பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் ஆசனமும் பிராணாயாமமும் கற்பித்து, அதே வயதுள்ள வேறு 20 பேரோடு ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் கைப்பிடி வலுவும் மூச்சுத் தசைகளின் வலுவும் நுரையீரல் செயல்திறனும் கூடியிருந்தன. ஸ்பெயினில் பிலாட்டீஸ், புதுச்சேரியில் யோகா. பெயர் வேறு, தசை ஒன்று. இரண்டு இடத்திலும் யாரோ ஒருவர் கால அட்டவணையில் அந்த நேரத்தைப் பிடுங்க விடாமல் பாதுகாத்திருக்கிறார்.

‘யோகாவே வீட்டு வாசலில் இருக்கும்போது ஜெர்மன்காரரின் பயிற்சி எதற்கு?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1968-ல் சுவாமி கீதானந்தகிரி தொடங்கிய ஆனந்த ஆசிரமம் இந்த மண்ணில் இருக்கிறது. அவர் வழி வந்த யோகா பள்ளிகளும் மருத்துவக் கல்லூரிகளின் யோகா பிரிவுகளும் இருக்கின்றன. அந்த அனுபவத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிலாட்டீஸை இறக்குமதி செய்யச் சொன்னால் அது முட்டாள்தனம். ஆனால், பள்ளிகளில் இன்று யோகாவுக்கு நேர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. போட்டி என்று வந்துவிட்டால் முடிவு நிலைக்குத்தான் மதிப்பெண்: தலை காலைத் தொட்டதா, எத்தனை விநாடி நின்றது. வராத பிள்ளை அந்தக் கணக்கில் தோற்றவன். பிலாட்டீஸ் தரைப்பயிற்சியின் கணக்கு வேறு மாதிரி. எவ்வளவு தூரம் போனாய் என்பதைவிட, போகிற வழியில் உடம்பு உன் பிடியில் இருந்ததா என்பதையே அது கேட்கிறது. முறையாக யோகா கற்றவர்களும் இதையேதான் சொல்வார்கள். மேடைக்கு ஏறியபோது யோகா கீழே விட்டுவந்த சரக்கு அது. பிலாட்டீஸ் அதை நினைவூட்டுகிறது, அவ்வளவுதான்.

ஒரு பயிற்சியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முன்னோக்கி முதுகை நீட்டும் பயிற்சி. பிள்ளை பாயில் உட்கார்ந்து, கால்களைத் தோள் அகலத்துக்குச் சற்று அதிகமாக விரித்து நீட்டுகிறது. கைகள் தோள் உயரத்தில் முன்னால். மூச்சை இழுக்கும்போது உச்சந்தலையை யாரோ நூல் கட்டி இழுப்பதாக நினைத்து நிமிர வேண்டும். மூச்சை விடும்போது முகவாய் நெஞ்சை நோக்கி இறங்கும். பிறகு கழுத்து, நடுமுதுகு, கீழ்முதுகு என்று ஒவ்வொரு கணுவாக மடங்கும். வயிறு மட்டும் உள்ளே ஒட்டியிருக்கும். மறுமூச்சில் அடியிலிருந்து ஒவ்வொரு கணுவாக நிமிர வேண்டும். மூன்று முதல் ஐந்து முறை, அவ்வளவுதான். தொடைத் தசை இறுக்கமான பிள்ளைக்கு உட்காரும்போதே முதுகு பின்னால் சரியும். அவனுக்கு மடித்த போர்வையை அடியில் போட்டு முழங்காலைச் சற்று மடக்கச் சொன்னால் சரியாகிவிடும். பச்சிமோத்தானாசனத்தின் தம்பி என்று இதைச் சொல்லலாம். ஆனால் நெற்றி முழங்காலைத் தொட வேண்டும் என்ற இலக்கு இதில் இல்லை. பின்னால் நின்று ஒருவர் முதுகை அழுத்துவதும் இல்லை. நம் பள்ளி மைதானங்களில் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று முதுகில் கைவைத்து அமுக்குகிற வழக்கம் ஒழிந்தாலே பாதி நன்மை கிடைத்துவிடும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று அறிவியல் பக்கத்திலிருந்தே வருகிறது. நெகிழ்வு அவ்வளவு முக்கியமா? ஜேம்ஸ் நஸ்ஸோ என்ற ஆய்வாளர் 2020-ல், உடல்தகுதியின் முக்கிய அங்கம் என்ற இடத்திலிருந்தே நெகிழ்வை ஓய்வுபெறச் செய்யலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். சிட் அண்ட் ரீச் எண் அதிகமாக இருப்பவர் நீண்ட நாள் வாழ்கிறார், அடிபடாமல் இருக்கிறார் என்பதற்கு வலுவான சான்று இல்லை. வலிமைப் பயிற்சியே மூட்டு இயக்கத்தையும் போதிய அளவு தந்துவிடுகிறது என்பது அவர் வாதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட மூச்சிரைக்கும் உடலியக்கமும், வாரத்தில் குறைந்தது மூன்று நாள் தசையையும் எலும்பையும் உறுதியாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நெகிழ்வுக்கென்று தனி அளவு எதையும் வைக்கவில்லை. அந்தச் சோதனைக்கே ஒரு குறையும் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகளுக்குக் கால்கள் முதலில் நீளும், உடல்பகுதி பிறகுதான் நீளும். கால் நீண்டு கை எட்டாத பையனை ‘இறுக்கம்’ என்று முத்திரை குத்துவது அநியாயம்.

இந்த ஆட்சேபத்தில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் பதிலாக நீட்டிமடக்கும் பயிற்சி என்று யாராவது சொன்னால், அவர் பிள்ளைகளின் நெஞ்சுக்கூட்டுக்குத் துரோகம் செய்கிறார். கபடியை நிறுத்திவிட்டுப் பாய் விரிக்கக் கூடாது. ஆனால் இதே ஆட்சேபம் வெறும் நீட்டலுக்கு எதிராகப் பேசுகிற அளவுக்குப் பிலாட்டீஸுக்கு எதிராகப் பேசவில்லை. இதில் வயிறு, முதுகு, இடுப்புத் தசைகள் உடம்பின் எடையைத் தாங்கி வேலைசெய்கின்றன. நீளுவதும் வலுவாவதும் ஒரே அசைவில் நடக்கின்றன. நஸ்ஸோ கேட்கிற வலிமைப் பயிற்சியும், உலக சுகாதார நிறுவனம் கேட்கிற மூன்று நாளில் ஒரு பங்கும் இதில் அடங்கும். அளவுகோலில் இரண்டு சென்டிமீட்டர் கூடுவதை இலக்காக வைக்க வேண்டியதில்லை. தரையில் உட்கார்ந்து எழ, குனிந்து ஒரு குடத்தைத் தூக்க, மூன்று மணி நேரத் தேர்வில் முதுகு வலிக்காமல் உட்கார ஒரு பிள்ளையால் முடிய வேண்டும். அதுபோதும்.

‘கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையா? அவர்கள் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறார்கள், மரம் ஏறுகிறார்கள், ஆற்றில் குதிக்கிறார்கள்’ என்பது நகரத்திலிருந்து கிராமத்தைப் பார்க்கிறவர்களின் கனவு. அரியாங்குப்பத்தைச் சுற்றியுள்ள நோணாங்குப்பம், தவளக்குப்பம், மணவெளி எங்கும் இன்று பள்ளியில் பெஞ்சு, வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி, போகவர வேன் அல்லது பேருந்து, மாலையில் டியூஷன், இரவில் கழுத்தைக் கவிழ்த்துப் பார்க்கும் கைப்பேசி. தரையில் குந்தி உட்காரும் வாய்ப்புகள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. புத்தகப் பை வேறு. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020 புத்தகப் பைக் கொள்கை சொல்கிறது. காலை எட்டரை மணிக்குக் கடலூர் சாலையில் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளின் தோள்களைப் பார்ப்பவர்கள் அந்தக் கொள்கையைப் பற்றிச் சொந்தமாக ஒரு முடிவுக்கு வரலாம்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று மேடையில் சொல்லாத தலைமை விருந்தினர் இல்லை. பழமொழி ஒழுக்கத்துக்குச் சொன்னது. உடம்புக்கு அது பொருந்தாது. ஐந்து வயதில் எல்லாப் பிள்ளையும் வளையும். ஐம்பதிலும் பழகினால் இளகும். கவனம் தேவைப்படுவது இடையில் இருக்கும் பத்து முதல் பதினைந்து வயதில். எலும்பு வேகமாக நீளுகிற, பாடச்சுமை ஏறுகிற, விளையாட்டு நேரம் முதலில் பறிபோகிற வயது அது.

அந்த வயதில் முதலில் ஒதுங்குகிறவர்கள் பெண்பிள்ளைகள். 146 நாடுகளின் 16 லட்சம் மாணவர்களின் தரவுகளை வைத்து உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பையன்களில் 78, பெண்பிள்ளைகளில் 85. பி.டி. பீரியடில் பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு மரத்தடியில் பேசிக்கொண்டிருக்கும் மாணவிகளை எந்தக் கிராமப் பள்ளியிலும் பார்க்கலாம். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்வது சுலபம். சாலையிலிருந்து தெரிகிற மைதானம், ஓடத் தோதில்லாத உடை, மாதவிலக்கு நாட்கள், ஆண் ஆசிரியர் ஒருவர் மட்டும். காரணங்கள் இவை. மூடிய ஒரு வகுப்பறையில், ஆசிரியை ஒருவர் நடத்த, பாய் விரித்துச் செய்யும் பயிற்சி இந்தத் தடைகளில் பாதியைத் தாண்டிவிடும். இது நிரந்தரத் தீர்வு ஆகிவிடக் கூடாது. மைதானமும் அவர்களுக்குச் சொந்தமாக வேண்டும். அரியாங்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், 1940-களிலேயே அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் அன்னையின் வழிகாட்டலில் பெண்பிள்ளைகள் அரைக்கால்சட்டை அணிந்து ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தார்கள். அன்று அது ஊர்ப்பேச்சானது. எண்பது ஆண்டு கழிந்தும் அந்தச் சுதந்திரம் அரியாங்குப்பம் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் முழுதாக வந்து சேரவில்லை.

பாய்ப்பயிற்சிக்கு இந்த ஊரில் இன்னொரு நியாயமும் உண்டு. அரியாங்குப்பம் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் தாழ்ந்து கிடக்கும் ஊர். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் டிசம்பர் வரை மைதானம் மைதானமாக இருக்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழை வராத ஆண்டிலும் சேறு காய வாரக்கணக்காகும். ஏப்ரலிலோ வெயில். ஆக, விளையாட்டு பீரியடுக்கு இயற்கையே மூன்று நான்கு மாதம் விடுமுறை கொடுக்கிறது. அந்த மாதங்களில் பிள்ளைகள் கணக்கு எழுதுகிறார்கள். தாழ்வாரமும் நான்கு கோரைப்பாயும் இருந்தால், பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டால், மழை நாளிலும் இருபது நிமிடம் உடம்பை அசைக்கலாம்.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. அந்த வாரியம் 2018-லேயே 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு உடல்நலம் மற்றும் உடற்கல்வியைக் கட்டாயமாக்கி, நாள்தோறும் ஒரு பாடவேளை ஒதுக்கச் சொன்னது. என்ன செய்யலாம் என்ற பட்டியலில் யோகா, நடனம் தொடங்கி சீனத்து தாய்-சீ வரை இடம்பெற்றிருக்கின்றன. இதற்குள் பிலாட்டீஸை நுழைக்க அரசாணை எதுவும் தேவையில்லை. தடையாக இருப்பது நம் பழக்கம். பாடம் முடிக்காத கணக்கு ஆசிரியர் கேட்டவுடன் பி.டி. ஆசிரியர் பீரியடை விட்டுக்கொடுப்பார். பத்தாம் வகுப்பு என்றால் கேட்கக்கூடத் தேவையில்லை. தேர்வு மதிப்பெண்ணுக்கு அது கணக்கில் வராது என்பதால் பெற்றோரும் வாய் திறப்பதில்லை. பல வீடுகளில் இது நல்ல பள்ளி என்பதற்கான அடையாளமாகவே பார்க்கப்படுகிறது.

யார் கற்பிப்பது என்பதில் அவசரம் கூடாது. யூடியூபில் பார்த்ததை மறுநாள் நாற்பது பிள்ளைகளுக்குச் செய்யவைப்பது ஆபத்து. பிலாட்டீஸின் 34 பயிற்சிகளில் கால்களைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் கழுத்தில் எடை விழச்செய்கிறவை உண்டு. பள்ளியில் அவற்றைத் தொடவே கூடாது. இயல்பிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறித் தளர்ந்த பிள்ளைகளும் இருப்பார்கள். கட்டைவிரல் மணிக்கட்டு வரை மடங்கும், முழங்கை பின்னால் வளையும். அவர்களைத்தான் நாம் வழக்கமாக யோகா போட்டிக்குத் தேர்ந்தெடுக்கிறோம்! அவர்களுக்குத் தேவை மேலும் நீட்டல் அல்ல, மூட்டைச் சுற்றியுள்ள தசையை வலுவாக்குவது. இதையெல்லாம் பார்த்துப் பிரிக்க ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். புதுச்சேரி போல ஒரு சிறு வட்டாரத்துக்குள் இத்தனை மருத்துவக் கல்லூரிகளும் இயன்முறை மருத்துவக் கல்வியும் யோகா நிறுவனங்களும் நெருங்கிக் கிடக்கும் இடம் நாட்டில் அதிகம் இல்லை. கோடை விடுமுறையில் உடற்கல்வி ஆசிரியர்களை அழைத்து, யோகாவிலிருந்தும் பிலாட்டீஸிலிருந்தும் பாதுகாப்பான பத்துப் பன்னிரண்டு பயிற்சிகளைத் தேர்ந்து பழக்கித் தர அவர்களால் முடியும். மதிய உணவுக்குப் பிந்தைய பீரியடில் வயிற்றை மடக்கும் பயிற்சி வேண்டாம் என்பது போன்ற சின்ன விஷயங்களையும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.

கடைசி ஆட்சேபம் பணம். எந்திரம் வேண்டாம், கூடம் வேண்டாம், சீருடை வேண்டாம் என்று ஆன பிறகு பணம் எங்கே இருக்கிறது? பாய்க்கு ஆகும் செலவு ஆண்டு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. செலவு வரப்போவது வேறு திசையிலிருந்து. அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ கட்டணப் பள்ளி ஒன்றின் சேர்க்கை விளம்பரத்தில் ‘பிலாட்டீஸ் வகுப்பு உண்டு’ என்று அச்சாகும், அதற்கென்று தனிக் கட்டணமும் வரும். அப்படி அச்சாவதற்கு முன்பே அரசுப் பள்ளிகள் இதைச் சத்தமில்லாமல் தொடங்கிவிட்டால் நல்லது.

கல்வித் துறையிடம் கேட்க வேண்டியது மூன்றுதான். 6 முதல் 10 வரையிலான எல்லா வகுப்புக்கும் வாரத்தில் இரண்டு நாள், விளையாட்டு பீரியடின் முதல் இருபது நிமிடம், எல்லாப் பிள்ளைக்கும் தரைப்பயிற்சி. ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் சிட் அண்ட் ரீச் அளவு. அதை மற்ற பிள்ளையோடு ஒப்பிடாமல் அந்தப் பிள்ளையின் பழைய அளவோடு மட்டும் ஒப்பிடுவது. உடற்கல்விப் பீரியடை வேறு பாடத்துக்கு மாற்றினால் தலைமையாசிரியர் அதைப் பதிவேட்டில் காரணத்தோடு எழுதுவது. பெற்றோரிடம் கேட்க வேண்டியது ஒன்று. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கியதும், இந்த மாதம் எத்தனை பி.டி. பீரியட் உண்மையிலேயே நடந்தது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.